டீனாவின் மேசை

டார்லீனின் மோதிர விரல் நகத்தில் ஒரு ரேகை விழுந்திருந்தது.

விளக்கு வெளிச்சம் செய்யும் வேலை என்றுதான் நகம் ஒட்டிவிடும் துயென் முதலில் நினைத்தாள். விளக்கின் கழுத்தை வளைத்துத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ரேகை போகவில்லை. நகத்தோரத் தோலைப் பின்னால் தள்ளி, நகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோலைச் சுரண்டி, பளபளப்பு போகும்வரை அராவி, தூசியைத் தட்டி, எண்ணெயும் ஈரமும் போவதற்கான மருந்தைத் தடவி இப்போதுதான் முடித்திருந்தாள். மற்ற நகங்கள் எல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துக் காய்ந்து கிடந்தன. இந்த ஒன்றில் மட்டும், நட்டநடுவில், யாரோ விரலை வைத்து எடுத்த தடம் ஈரமாக மின்னியது.

அந்த நிலையில் நகத்தைத் தொடக்கூடாது. போட்டுக்கொள்கிறவளும் தொடக்கூடாது, போட்டுவிடுகிறவளும் தொடக்கூடாது. விரலில் இருக்கும் துளி எண்ணெய் பட்டுவிட்டால் பொய் நகத்துக்கான அக்ரிலிக் பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஓரம் தூக்கும். தூக்கின இடுக்கில் தண்ணீர் போகும், உள்ளே பச்சை பிடிக்கும், நல்ல நகம் அழுகும். இந்தத் தொழிலுக்கு வருகிற எவளுக்கும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது.

"மிஸ் டார்லீன், நகத்தைத் தொட்டீங்களா?"

"நான் எங்கடி தொட்டேன்? ரெண்டு கையையும் நீதானே புடிச்சு வச்சிருக்க." டார்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குரலை அடக்கிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "போன தடவையும் இந்த விரல்தான் தூக்கிக்கிச்சு. முன்னெல்லாம் நீ போட்டா ஒரு மாசம் அசையாது. இப்ப என்னடி ஆச்சு உனக்கு, டீனா? புருஷன்கூட சண்டையா?"

முன்னெல்லாம் போட்டது துயென் இல்லை. புது வருஷம் கழிந்துதான் இந்தக் கடைக்கு வந்தாள். வந்த அன்றே மேசையில் பொன்னிற எழுத்தில் 'டீனா' என்ற பலகை நின்றிருந்தது. அதை எடுக்கப் போனவளின் கையை முதலாளி லோவான் அக்கா தட்டிவிட்டாள். "இருக்கட்டும். டீனாங்கிற பேரு இந்தக் கடைக்கு ராசி. உன் வியட்நாம் பேரை இவங்க வாயில போட்டு மென்னு துப்புவாங்க. நீயும் டீனாவாவே இருந்துட்டுப் போ." கருப்பு முடி, முகமூடி, குனிந்த தலை. வருகிறவர்களுக்கு அது போதுமாக இருந்தது. முந்தின டீனா போய் இந்த டீனா வந்ததை ஒருத்தியும் கவனிக்கவில்லை. ஒருத்தி, "இளைச்சிட்டியே!" என்று கேட்டாள். துயென் அன்று வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அரத்தை உடைத்திருப்பாள்.

ரேகையைத் துடைத்தாள். மறுபடி அராவினாள், மறுபடி மருந்து தடவினாள். வெளுத்தது. பிரஷ்ஷை அக்ரிலிக் லிக்விட்டில் நனைக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது மோதிர விரலிலும் அதற்குப் பக்கத்து விரலிலும் தடம் இருந்தது.

டார்லீன் போனில் மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை துண்டின் மேல் அசையாமல் கிடந்தது.

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் டீனாவின் மேசையில் போட்டுக்கொண்டவர்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். தூக்கியிருந்த நகத்தைக் காட்டினார்கள். துயென் எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு, அராவி எடுத்து, புதிதாக ஒட்டினாள். கல்லாவுக்குப் பின்னால் லோவான் அக்காவின் பச்சைக்கல் வளையல் மேசையில் இடிபட்டு இடிபட்டுச் சத்தம் போட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் பேசுவது அந்த வளையல்தான்.

"அடுத்த மேசையில வின் போட்டது தூக்குதா? நான் போட்டது தூக்குதா? உன் மேசையில மட்டும் எப்படிடி தூக்கும்? சரியா சுரண்டுறதில்ல, சரியா காயவைக்கிறதில்ல. அவசர அவசரமா ஒட்டி அனுப்புற."

"சுரண்டிட்டுத்தான்க்கா ஒட்டுறேன்."

"அப்ப பேய் வந்து தூக்குதா?"

 தானாக விழும் ரேகையைப் பற்றி எப்படிச் சொல்வது? நகத்தைத் தயார் செய்வதில் அவளைக் குறை சொல்ல ஹூஸ்டனில் ஆள் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அது. அதில் போய்க் கைவைத்துவிட்டாள் இந்தப் பொம்பளை.  வாசலோரம் தரையில் வைத்திருந்த தொந்திச் சாமிக்குக் காலையில் படைத்த காப்பி ஆடைகட்டிப்போய் இருந்தது. அக்கா ஒரு தாளைக் கசக்கிக் கொளுத்தினாள். கெட்ட ராசி போகவேண்டுமென்று அதை டீனாவின் நாற்காலிக்கு அடியிலும் மேசைக்கு மேலும் சுற்றினாள். நெருப்பு துயெனின் முழங்காலுக்குப் பக்கத்தில் போய்வந்தது. உட்கார்ந்திருக்கிறவளை எழுந்திருக்கக்கூடச் சொல்லவில்லை.

தாள் கருகின வாசனை அடங்குவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது.

நகக்கடையில் எப்போதும் விரல்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். துண்டை விரித்து, மேசையை இரண்டு முறை தட்டினால், கையை வை என்று அர்த்தம். எல்லாருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். நகம் பட்டால் டக் டக்கென்று கேட்கும். இது அப்படிக் கேட்கவில்லை. தொப், தொப் என்று, வெறும் சதை பட்ட மாதிரி, மெத்தென்று கேட்டது. துயெனின் வலது முழங்கைக்குப் பக்கத்தில், மேசையின் அதே மூலையில்.

மேசை மேல் தூசி படிந்திருந்தது. அராவின தூசி, வெள்ளையாக. அதில் விரல் நுனி அளவில் இரண்டு வட்டம்.

மத்தியானம் பின்னறையில் சோறு தின்னும்போது வின்னிடம் கேட்டாள். கால் நகம் திருத்தும் பெடிக்யூர் நாற்காலிகளையும் அடுத்த மேசையையும் பார்த்துக்கொள்கிறவன் வின். வாயைத் திறந்தால் கேலிதான். பின்னறையில் மீன்சாறு ஊற்றிச் சாப்பிட அக்கா விடமாட்டாள், வாடை முன்னால் வருமாம். கண்ணைக் கரிக்கும் மருந்து வாடை பகல் முழுக்க முன்னால் வரலாம், அதற்கு ஒன்றுமில்லை. வெறும் சோற்றையும் வறுத்த பன்றித் துண்டையும் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"வின், எனக்கு முன்னாடி இருந்தவ ஏன் போனா?"

வின் சிரிக்கவில்லை. "நான் சொன்னேன்னு சொல்லாதீங்கக்கா." கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "தியெப்னு பேரு. கையுறை போட்டுக்கறேன்னு கெஞ்சினாங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, கழட்டுன்னுட்டாங்க அக்கா. வெறுங்கையாலயே அந்த மருந்துல கெடந்து கெடந்து விரல் வெடிச்சிடுச்சு. அப்புறம் நகம் சதையை விட்டுத் தூக்க ஆரம்பிச்சுது. மோதிர விரல்லதான் முதல்ல. வெள்ளையா ஒரு திட்டு. வர்றவங்க பாத்தா பயந்துக்குவாங்கன்னு அது மேலயே பொய் நகம் ஒட்டி உக்காரவச்சாங்க. அக்காவே ஒட்டினாங்க. கேன்ல இருக்கே, அந்த சரக்கு."

துயென் சோற்றைக் கீழே வைத்தாள். அலமாரிக்கு அடியில் இருந்தது அந்தக் கேன். பேர் ஒட்டாத வெள்ளைக் கேன். பல் கட்டுவதற்கு வரும் சரக்கு. நகத்தில் போடக்கூடாதென்று லைசென்ஸ் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதில் ஒட்டினால் தூக்கவே தூக்காது. இழுத்தால் பொய் நகம் வராது, நிஜ நகம்தான் வரும். வந்த நாளிலிருந்து துயென் அதைத் தொட்டதில்லை, தன் கைக்காசில் வேறு பாட்டில் வாங்கி வைத்திருந்தாள்.

"ஒரு நாள் அந்த நகம் கார் கதவுல மாட்டிக்கிச்சு," என்றான் வின். "அப்படியே சதையிலேர்ந்து... புண்ணாகி, விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில மத்த விரல்லேர்ந்தும் நகத்தை எடுத்தாங்களாம். செத்துப் போயிட்டாங்க. அக்கா பெரிய மலர்வளையம் அனுப்பினாங்க. அதுல 'டீனாவுக்கு'ன்னு எழுதியிருந்துச்சு. அவங்க அம்மா யாருக்கோ வந்ததுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

துயென் தன் வலது கையை மடியில் மறைத்துக்கொண்டாள். மோதிர விரல் சில நாளாக அரித்துக்கொண்டிருந்தது. நகத்தின் நுனியிலிருந்து உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

மறைத்து என்ன செய்ய? லோவான் அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அன்று கடை மூடும்போது கையைப் பிடித்து இழுத்து விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். துயெனின் தோலில் பச்சைக்கல் வளையல் சில்லென்று பட்டது.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு வாடிக்கை முன்னாடி உக்காந்திருக்கியா?"

"கையுறை போட்டா சரியாயிடும்க்கா."

"கையுறை பேச்சே எடுக்காத. மேல ஒண்ணு ஒட்டினா மறைஞ்சிடும்."

"வேண்டாம்க்கா. இந்தக் கையை விட்டா எனக்கு வேற பொழைப்பு இல்ல."

"அதேதான் நானும் சொல்றேன்." அக்கா கையை விட்டாள். "நாளைக்குக் காலையில மொத ஆளா நானே உக்காருறேன். நானே போணி பண்றேன், ராசி மாறட்டும். கேன் சரக்கைப் போட்டு என் கையில ஒட்டு. எப்படி நிக்குதுன்னு பாரு. அப்புறம் அதே சரக்கை உன் விரல்ல நான் ஒட்டுறேன். மாட்டேன்னா இப்பவே கிளம்பு. இந்தத் திட்டைப் பாத்துட்டு எந்தக் கடைக்காரி உனக்கு நாற்காலி குடுப்பான்னு பாக்கறேன்."

துயென் கதவு வரை போய்த் திரும்பினாள். "எனக்கு முன்னாடி இருந்தவ பேரு என்னக்கா?"

அக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "டீனாதான்," என்றாள்.

காலையில் கடல் பக்கமிருந்து புயல் மழை வந்தது. வானம் இருட்டிக்கொண்டு, பெல்லேர் சாலையில் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. தண்ணீர் ஏறிவிட்டது, வரமுடியவில்லை என்று வின் செய்தி அனுப்பியிருந்தான். பக்கத்து டோனட் கடை திறக்கவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழை சுவராக நின்றது. உள்ளே குழல்விளக்குகள் ஙொய்யென்று இரைந்துகொண்டிருக்க, மூலையிலிருந்த கால்தொட்டி ஒன்றில் யாரும் திறக்காத குழாய் சொட்டிக்கொண்டிருக்க, தொந்திச் சாமிக்கு முன்னால் ஏற்றிய ஊதுவத்தியின் புகை மேலே போகாமல் தரையோடு தரையாக டீனாவின் மேசையை நோக்கி ஊர்ந்து வந்தது.

லோவான் அக்கா வாடிக்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். துயென் துண்டை விரித்து இரண்டு முறை தட்டினாள். டக், டக். அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

துயென் வேலையை ஆரம்பித்தாள். அவள் இதுவரை எந்தக் கையையும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. கோபம் அவள் கையை நிதானப்படுத்தியது. தோலைத் தள்ளினாள். மூலை முடுக்கெல்லாம் நுழைந்து சுரண்டினாள். அராவினாள். தூசியை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டினாள், ஊதினால் எச்சில் ஈரம் படும். மருந்து தடவினாள். ஒவ்வொன்றாக எல்லா நகமும் வெளுத்தது.

பிறகு காத்திருந்தாள்.

முழங்கைக்குப் பக்கத்தில் ஏதோ நகர்ந்தது. தொப். கொஞ்சம் நெருங்கி, தொப். தூசியில் வட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே அக்காவின் கையை நோக்கிப் போயின. விரல் நுனிக்கு வந்தன. நின்றன.

ரேகை விழவில்லை.

துயென் வெளுத்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழும், இப்போது விழும். எத்தனை பேருடைய நகத்தில் விழுந்திருக்கிறது. டார்லீனுக்கு விழுந்தது. நேற்று வந்த கல்லூரிப் பெண்ணுக்கு விழுந்தது. யாருக்கும் அழுத்தமாக ஒட்டிவிடக்கூடாது என்பதுபோலத் தேடித் தேடித் தொட்ட விரல், இந்தக் கையை மட்டும் தொடாமல் பக்கத்திலேயே காத்துக்கிடந்தது.

இப்போது நிறுத்தலாம். கேன் வேண்டாம்க்கா, எழுந்திருங்க என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"என்னடி சிலையாட்டம் உக்காந்திருக்க? ஊத்து. அப்புறம் உன் கைக்கு வரணும்."

"நீங்க சொன்னபடியே செய்றேன்க்கா."

கேனைத் திறந்தாள். வாடை மூக்கில் குத்திக் கண்ணில் நீர் வந்தது. பிரஷ்ஷை நனைத்தாள், சிவப்புப் பவுடரில் தொட்டாள், நுனியில் திரண்ட உருண்டையை நகத்தில் வைத்து இழுத்தாள். தோலில் படாமல், ஓரத்தில் இம்மி இடுக்கு விடாமல். சுண்டுவிரல் முடிந்தது. மோதிர விரல் முடிந்தது. இடது கை முடிந்து வலது கை முடிந்தது. மழை பலத்தது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

அக்கா கைகளை உயர்த்திப் பார்த்தாள். சிவப்பு நகங்களால் மேசையைத் தட்டினாள். டக், டக், டக். கல் மாதிரி கேட்டது.

"பாத்தியா? இது தூக்குமா? சாவுற வரைக்கும் தூக்காது." கைகளைத் துண்டில் பரப்பி வைத்தாள். "சரி. இப்ப நீ இங்க வா. உன் கையைக் கொண்டா."

துயென் எழுந்தாள். அக்கா எழவில்லை.

எழப் பார்த்தாள். கை துண்டை விட்டு வரவில்லை. இழுத்தாள். தோள் வந்தது, முழங்கை வந்தது, மணிக்கட்டு வந்தது. விரல் நுனிகள் மட்டும் அங்கேயே இருந்தன. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. வளையல் மேசையில் மோதியது. மறுபடி மோதியது.

"என்னடி பண்ணின? ஒட்டிக்கிச்சா?"

ஒட்டியிருக்கவில்லை. துண்டுக்கும் விரலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

மோதிர விரல்தான் முதலில்.

சிவப்பு நகம் மேலே வளைந்தது. அக்ரிலிக் அசையவில்லை. இம்மி கூட. துயென் அதைப் பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை, ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. அதற்கு அடியில் வெள்ளையாக ஒரு திட்டு உண்டானது. நுனியிலிருந்து உள்ளே. மெல்ல. சதையை விட்டு. அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த கை செய்கிற மாதிரி.

 அக்காவிடமிருந்து வந்தது குரலாக இல்லை.

"டீனா! புடிடி! டீனா!"

இத்தனை நாள் பழக்கம். துயெனின் வாய் தானாகத் திறந்தது. சொல்லுங்கக்கா என்று சொல்லத்தான் திறந்தது. மூடிக்கொண்டாள். 

"எந்த டீனாவைக் கூப்பிடுறீங்கக்கா?"

"டீனா! டீனா!"

"சொல்லுங்கக்கா."

துயென் சொல்லவில்லை. அவள் வாய் மூடியிருந்தது. அவள் எழுந்து காலியாக்கின நாற்காலியிலிருந்து வந்தது அந்தப் பதில். முகமூடிக்குள்ளிருந்து வரும் குரல். பணிவான குரல்.

"இதோ முடிஞ்சிடும். கையை ஆட்டாதீங்க."

நடுவிரல். ஆள்காட்டி விரல். கட்டை விரல்.

விளக்கு அணைந்தது.

இருட்டில் மழைச் சத்தம் மட்டும். அதற்கு அடியில் ஈரமாக ஏதோ பிரியும் சத்தம், விட்டு விட்டு. பிறகு நாற்காலி சரிந்தது. யாரோ தரையில் விழுந்து கதவை நோக்கித் தவழ்ந்தார்கள். தொப். தொப். தொப். சதை மட்டும் பட்ட சத்தம்.

விளக்கு வந்தது.

லோவான் அக்கா கதவருகே தொந்திச் சாமியின் மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு கிடந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. தரையில் ரத்தத்தில் பத்துப் பத்தாக வட்டங்கள், மேசையிலிருந்து கதவு வரை.

மேசை மேல் துண்டு சுருக்கமில்லாமல் விரிந்திருந்தது. டீனா என்ற பலகை நேராக நின்றது. பலகைக்குப் பின்னால், துண்டுக்கு ஒரு சாண் மேலே, அந்தப் பத்துச் சிவப்பு நகங்களும் நின்றன. ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். எது எந்த விரலில் இருக்கவேண்டுமோ அந்த இடத்தில், அந்த இடைவெளியில். அடிப்பக்கம் நிஜ நகம் வெளிறித் தெரிந்தது. அவற்றுக்கு நடுவே விரல் இல்லை. காற்றுதான் இருந்தது.

அவை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துக்கொண்டன. புதிதாக நகம் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் செய்வார்களே, அப்படி. அரத்தை எடுத்தன. அதை நேராக வைத்தன. பக்கத்திலிருந்த கேனின் மூடியைத் திருகித் திறந்தன.

துயெனின் மோதிர விரல் அரித்தது. குனிந்து பார்த்தாள். அவள் நகங்கள் எல்லாம், அவள் கைவைக்காமலே, சுத்தமாகச் சுரண்டப்பட்டு, காய்ந்து, சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. ஒன்றில்கூட ரேகை இல்லை.

சிவப்பு நகங்கள் அவள் பக்கம் திரும்பின. துண்டை இரண்டு முறை தட்டின.

டக். டக்.